தென்னை மரத்திலிருந்து இறங்காத ஆள்

கடலூரில் கிளம்பிய எந்த வதந்தியும் சிதம்பரத்துக்குக் கை கால் முழுசாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. அங்கே கீழவீதியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் 'எங்கேர்ந்து' மாமா அதை மறித்து உட்காரவைத்துவிடுவார். கடைப் பலகையில் இருந்த அவருடைய பெயரை வெயில் தின்றுவிட்டது. அவர் ஊரையே பார்த்துக் கேட்கும் ஒரே கேள்வி பெயராக நின்றுவிட்டது.

டீக்கடையில் ஒருவன் ஆரம்பிப்பான்: "பெண்ணாடத்துல கரும்பு லாரி கவுந்துடுச்சு மாமா. ஐயோ எம்புள்ளைங்கன்னு நெனச்சிக்கிட்டே குதிச்சான் டிரைவரு!"

"நீ எங்கேர்ந்து பாத்த?"

"என் மச்சான் சொன்னான்."

"அவன் எங்கேர்ந்து பாத்தான்?"

"பஸ்ஸுல… பின்னாடி சீட்டு."

"பின்னாடி சீட்டுலேர்ந்து டிரைவரு மனசு தெரியுதா? மச்சான் சொன்னான்னு சொல்லு. நீயா லாரிய கவுக்காத."

டீ ஆறிவிடும். லாரி பாதி சாய்ந்தபடி அந்தரத்தில் நிற்கும்.

ஊர் வதந்திக்கே இந்தக் கதி என்றால், அவரிடம் டைப் அடிக்கக் கொடுத்த கதைகளை நினைத்துப் பாருங்கள். 'அவள் உள்ளம் கடலாய்ப் பொங்கியது' என்று எழுதியிருந்தால் கீபோர்டை நிறுத்திவிட்டு, "இத சொல்றவன் யாரு? ஒறவா, டாக்டரா?" என்பார். கதாநாயகி தனியாகக் குளித்தால் அந்தப் பக்கத்தையே அடிக்கமாட்டார். "தனியாத்தான குளிக்கிறா? அப்பறம் இவனுக்கு அங்க என்ன வேல?"

இப்படிப்பட்டவரிடம்தான் என் முதல் நாவலைக் கொடுத்தேன். நாற்பத்தெட்டு வயது வரை வரிகளை மடக்கி மடக்கிக் கவிதை எழுதியவன், முதல்முறை நீளமாக மூச்சுவிட்டிருந்தேன். என் கையெழுத்தை அந்த ஜில்லாவில் அவர் ஒருவர்தான் படிப்பார். அடித்து முடித்து அவரே பதிப்பகத்துக்கு அனுப்பியும்விட்டார்.

பதிப்பகத்து அம்மா சென்னையிலிருந்து போன் செய்தார். "சார், நாவல்ல தென்னை மரத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரே, யார் அவர்?"

"எந்தத் தென்னை மரம்?"

"முதல் அத்தியாயத்துல ஏறினவர் கடைசி வரைக்கும் இறங்கலை. பாவம், சாப்பிட்டாரா இல்லையான்னுகூட நீங்க எழுதலையே. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணி அனுப்புங்க. இல்லன்னா இந்த வருஷம் உங்க புத்தகம் கிடையாது."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் தென்னை மரங்கள். ஒவ்வொன்றின் உச்சியையும் கொலைவெறியோடு பார்த்துக்கொண்டே போய் மாமா கடைக்குள் நுழைந்தேன்.

"என் கதையில மரத்த நட்டது யாரு மாமா?"

"நாந்தான். அஞ்சாவது அத்தியாயத்துல பூட்டுன ரூமுக்குள்ள புருசன் பொண்டாட்டி அழுவுறாங்க. பாத்தது யாரு? அதான் மொத அத்தியாயத்துலயே சன்னலுக்கு நேரா ஒரு மரத்த வெச்சு ஆள ஏத்துனேன். அதுலேர்ந்து தெரு, கொளம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் தெரியும் மாப்ள. வசதியான மரம்."

"எழுதுனவன் நான். எனக்கு எல்லாம் தெரியும்!"

"எழுதுனவன்னா பூட்டுன ரூமுக்குள்ள பூந்துடலாமா? அதுக்கு ஸ்டேசன்ல வேற பேரு சொல்லுவாங்க."

ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றாள். கடிகாரம் நாலைத் தாண்டிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அது எங்க அக்கா மாமா. உள்ள அழுதது எங்க அக்காவும் அத்தானும். கற்பனை இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நீ எங்க இருந்த?"

"கதவுக்கு வெளிய. கையில ரெண்டு டம்ளர் காப்பி."

"உள்ள போனியா?"

"இல்ல. காப்பி ஆறுற வரைக்கும் நின்னேன். திரும்பிட்டேன்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த டம்ளர வுட்டுட்டு எதுக்கு மாப்ள ரூமுக்குள்ள பூந்த? அங்கேர்ந்தே சொல்லு. நான் அடிக்கிறேன்."

சொன்னேன். கதவு, அதற்குப் பின்னால் பாதிப் பாதியாகக் கேட்ட குரல், விரலைச் சுட்டுப் பிறகு மெல்ல ஆறிப்போன டம்ளர். எனக்குத் தெரியாததையெல்லாம் தெரியாது என்றே சொன்னேன். மற்ற அத்தியாயங்களில் மரத்து ஆள் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அழிக்கும்போது மட்டும் அவர் முணுமுணுத்தார்: "நல்ல ஆளு. ஒரு எளநிகூட பறிச்சுக் குடிக்கல." ஆறு மணிக்குள் நாவல் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவிடமிருந்து ஒரே வரி வந்தது: 'இப்போது சரி.'

வெளியே மழை. ஒரே குடையில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

என்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம் என்று எழுதத்தான் கை துடிக்கிறது. எழுதினால் கேட்பார். அதனால் கடலூர் பஸ்ஸின் ஜன்னலோர சீட்டிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன்: குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும் வரை அவர் மழையில் நின்றுகொண்டிருந்தார்.