றேமன்டுக்குப் போர்த்திய பொன்னாடை

றேமன்ட் எழும்பிப் போனதைக் கதிர்காமத்தம்பி கவனிக்கவேயில்லை. கவனித்தபோது பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. காகிதத் தட்டில் பாதி கடித்த ரோல்ஸ் ஒன்று கிடந்தது.

"றேமன்ட் எங்கை?"

"இப்பதான் எழும்பினவர். முகமும் சரியில்லை," என்றார் சயந்தன். அன்று அவருக்குத்தான் ஐம்பதாவது பிறந்தநாள். சுவிசின் அட்லிஸ்வில் ஊர் மண்டபத்தில் கேக் வெட்டி முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "நீங்கள் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது அண்ணை."

"என்ன கதைச்சுப் போட்டன்? ஒரு படத்தைப் பற்றித்தானே!"

படத்தைப் பற்றித்தான். ஆனால் எந்தப் படம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. 'மாலையிடாத அண்ணன்' என்ற அந்தப் பழைய படத்தைக் குறை சொல்வதும், அவரவர் அம்மாவின் கறியைக் குறை சொல்வதும் எங்கள் சனத்துக்கு ஒன்றுதான். படத்தில் ஒரு அண்ணன், நாலு தங்கைகள். அடுத்த வீட்டுக் கமலம் அவனுக்காகக் காத்திருக்கிறாள். அண்ணன் ஒவ்வொரு தங்கையாகக் கரைசேர்க்கிறான். கடைசித் தங்கையும் புகுந்த வீடு போன பிறகு, கமலம் ஊரை விட்டு ரயிலேறுகிறாள். அண்ணன் நிலையத்தில் நின்று பார்க்கிறான். ரயில் போய்விடுகிறது. அவன் தனியே வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதுகிறான். அந்த இடத்தில் அழாதவன் மனிதனே இல்லை என்பது பொதுத் தீர்ப்பு.

கதிர்காமத்தம்பி ஒருநாளும் அழுததில்லை. பனிமலை ஊரான டாவோசில் ஹோட்டல் குசினியில் வேலை செய்த அந்தக் காலத்தில், வேலையாட்கள் தங்கிய வீட்டில் இருந்தது ஒரே ஒரு வீடியோக் கசற். பனி கொட்டும் ஞாயிறுகளில் எல்லோரும் அதையே போட்டுப் பார்த்து அழுவார்கள். கதிர்காமத்தம்பி, வெங்காயம் வெட்டிய கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மானத்தைக் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்றியதை, இத்தனை வருசம் கழித்து, இரண்டு பியருக்குப் பிறகு அவரே போட்டு உடைத்துவிட்டார். மண்டபத்துத் திரையில் அந்தப் படத்துப் பாட்டு ஓட, எல்லோரும் ஒருமிக்கப் பெருமூச்சு விட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்த அண்ணன் ஒரு விசரன்!" என்றார் அவர்.

மேசையில் இருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன சொல்லுறியள் அண்ணை?" என்றார் சயந்தன்.

"பின்னை என்ன? நாலாவது தங்கச்சிக்கும் கலியாணம் முடிஞ்சுது. பிறகு என்ன தடை? பொம்பிளை ரெடி, மாப்பிளை ரெடி, ரயிலும் வந்து நிக்குது. ஏறுறதுக்கு என்ன கேடு? அவன் தியாகியுமில்லை, ஒண்டுமில்லை. பயந்தாங்கொள்ளி!"

பலகார விநியோகத்துக்கு வந்திருந்த அன்னமலர் தட்டோடு குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புருசனை இழந்த பிறகு ரோல்சும் பற்றிசும் செய்து விழாக்களுக்குக் கொடுத்து வாழ்கிறவள். "பிறகு அந்தக் கமலத்துக்கு என்ன நடந்தது அண்ணை?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்? படத்திலை காட்டேல்லை."

"காட்டமாட்டினம்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் றேமன்டின் கதிரை வெறுமையானது.

வீட்டுக்கு நடக்கும் வழியில், ஆற்றங்கரையில் வைத்து மனைவி சிவபாக்கியம் விசாரணையைத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ, றேமன்டண்ணைக்கு எத்தினை தங்கச்சிமார்?"

"மூண்டு."

"ஆர் படிப்பிச்சது, ஆர் கட்டிக் குடுத்தது?"

"அவன்தான். டாவோசிலை கோப்பை கழுவிக் கழுவி."

"அவர் கலியாணம் கட்டினவரோ?"

"இல்லை."

"அப்ப நீங்கள் சபையிலை ஆரை விசரன், பயந்தாங்கொள்ளி எண்டு சொன்னீங்கள்?"

கதிர்காமத்தம்பி அப்படியே நின்றுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கத்துவது குணம். இவருக்கு என்ன வந்தது? டாவோசில் இறங்கிய முதல் குளிரில் தன் கையுறையைக் கழற்றி இவர் கையில் மாட்டிவிட்டவன் றேமன்ட். ஊரைவிட்டு வந்த பிறகு கிடைத்த கூடப்பிறப்பு அவன் ஒருவன்தான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவன் வாழ்க்கையைக் காறித் துப்பியாயிற்று. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

வீட்டுக்குப் போனதும் போன் எடுத்தார். றேமன்டின் போன் வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

"தங்கச்சிமாரோடை சொல்லி அழுகிறார் போலை," என்றாள் சிவபாக்கியம்.

"அப்பிடிச் சொல்லாதையப்பா."

"நான் சொல்லேல்லை. போன் சொல்லுது."

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்த கையோடு கதிர்காமத்தம்பி சூக் நகருக்கு ரயிலேறினார். றேமன்ட் அங்கே ஒரு உணவகத்தில் சமையல். ஏரிக்கரை வாங்கில் அவர் உட்கார்ந்திருந்தார். றேமன்ட் மீசைக்குக் கறுப்பு மை அடித்திருந்தார். காலில் புதுச் சப்பாத்து. தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மனம் உடைந்தவர்கள் முதலில் மீசையில்தான் கை வைப்பார்கள் என்று கதிர்காமத்தம்பி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அல்லது அந்த நேரம் அவருக்கு அப்படித் தோன்றியது.

"மச்சான், அண்டைக்கு நான் கதைச்சது..."

"அது நெஞ்சிலை குத்திப் போட்டுதடா," என்றார் றேமன்ட். "நித்திரையே இல்லை. நீ உண்மையாத்தானே சொன்னனீ?"

"சீச்சீ! பகிடிக்குச் சொன்னனான்!"

"பகிடிக்கோ?"

"பின்னை? பியர் கதைச்சது. அந்த அண்ணன் விசரனில்லை மச்சான், தெய்வம். கமலத்தோடை ரயிலேறியிருந்தா அவனும் ஒரு சாதாரண மனுசன். அவ்வளவுதான்."

றேமன்ட் ஏரியைப் பார்த்தார். "சாதாரண மனுசனா இருக்கிறதிலை என்னடா பிழை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீ எங்களுக்குச் சாதாரண மனுசனில்லை மச்சான். உன்னைப் பாத்துத்தான் எங்கட பிள்ளையளுக்கே நாங்கள் புத்தி சொல்லுறம்."

றேமன்ட் எழுந்து, புதுச் சப்பாத்து கடித்ததோ என்னவோ, மெல்ல மெல்ல நடந்து போனார். வழக்கமாகத் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர், அன்றைக்குத் தட்டவில்லை.

"இன்னும் கோவம் போகேல்லை," என்று கதிர்காமத்தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"எப்பிடிப் போகும்? சபையிலை செய்த பிழையைச் சபையிலைதான் கழுவ வேணும்," என்றாள் சிவபாக்கியம்.

அதில்தான் பொன்னாடை பிறந்தது. எங்கள் சனத்துக்குக் கோபம், தாபம், நன்றி, குற்ற உணர்ச்சி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து பொன்னாடைதான். போர்த்தப்பட்டவர் அதற்குப் பிறகு வாய் திறக்க முடியாது. இவர்கள் எந்தப் பெயரை வைத்துப் போர்த்துகிறார்களோ, அந்தப் பெயரோடுதான் அவர் மிச்சக் காலத்தை ஓட்டவேண்டும்.

சயந்தன் மண்டபம் எடுத்துத் தந்தார். பெரிய திரையில் படத்தை முழுசாகப் போடுவது, பிறகு பாராட்டு, பிறகு தேநீர் என்று முடிவானது. என்ன பட்டம் கொடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி.

"'இல்லறம் துறந்த இமயம்' எண்டு போடுவம்," என்றார் கதிர்காமத்தம்பி.

"நாங்கள் இருக்கிறது சுவிசிலை. 'அல்ப்ஸ்' எண்டு போட்டா என்ன?"

"மோனை வராது சயந்தன்."

இமயம் வென்றது. சிற்றுண்டிக்குக் கதிர்காமத்தம்பி அன்னமலரைப் போனில் பிடித்தார்.

"ஆருக்கு விழா அண்ணை?"

"எங்கட றேமன்டுக்கு."

"அவருக்கோ? என்னத்துக்கு?"

"கலியாணம் கட்டாததுக்கு."

 தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று கதிர்காமத்தம்பி இரண்டு முறை "ஹலோ" சொன்னார்.

"எத்தினை ரோல்ஸ்?" என்று கேட்டாள் அன்னமலர்.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. ஏதோ தேநீர் விருந்து என்று சொல்லித்தான் றேமன்டை அழைத்து வந்திருந்தார்கள். வாசலில் தன் பெரிய படத்தையும் அதன் கீழே இமயப் பட்டத்தையும் கண்டதும் அவர் திரும்பிப் போகப் பார்த்தார். சயந்தன் ஒரு கையைப் பிடித்தார், கதிர்காமத்தம்பி மறு கையைப் பிடித்தார். மாப்பிள்ளையை மணவறைக்குக் கொண்டுபோவது போல அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார்கள்.

படம் ஓடியது. ரயில் புறப்பட்டது. அடுப்பை ஊதும் கட்டத்தில் மண்டபமே விம்மியது. கதிர்காமத்தம்பி கள்ளமாகப் பக்கத்தில் பார்த்தார். றேமன்ட் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு அழுகை டாவோசில்கூட வந்ததில்லை. மனப்பாரம் இறங்குகிறது, நல்லது என்று நினைத்துக் கதிர்காமத்தம்பி நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிறகு பேசினார். "அண்டைக்கு இந்த வாய் ஒரு பிழை விட்டது. அதே வாய் இண்டைக்கு அறிக்கை விடுகுது. படத்து அண்ணன் வெறும் நடிப்பு. உண்மையான அண்ணன் இஞ்சை இருக்கிறார். ஒரு பொம்பிளையை நிமிர்ந்து பாக்காமல் வாழ்ந்த மனுசன்! இனியும் அப்பிடித்தான் வாழுவார்!"

கைதட்டலில் சாளரம் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் ஒரு தட்டு தடால் என்று விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

பொன்னாடை தோளில் விழுந்ததும் றேமன்ட் ஒலிவாங்கியைத் தானே எட்டிப் பிடித்தார். "எனக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். நான் உண்மையிலை..."

"தன்னடக்கம்!" என்று யாரோ கத்த, திரும்பவும் கைதட்டல். சயந்தன் அவசரமாகத் திரையைத் தட்டிவிட்டார். பாரிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் மூன்று தங்கைகளும் ஒருவர் பின் ஒருவராகத் திரையில் வந்து அழுதார்கள். "எங்கட அண்ணா எங்களுக்காகவே வாழ்ந்தவர். வேறை ஒருத்தரையும் நினைக்காதவர்," என்றாள் மூத்தவள்.

திரை அணைந்தபோது ஒலிவாங்கி இன்னும் றேமன்டின் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். குசினிக் கதவைப் பார்த்தார். "நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த கிழமை றேமன்டே போன் எடுத்தார்.

"மச்சான், நான் டாவோசுக்குப் போறன். பழைய ஹோட்டலிலை ஆள் கேக்கினம். இனி அங்கைதான்."

"என்னடா இது? இந்த வயசிலை திரும்பக் குளிருக்கையோ? கோவம் போகேல்லையோ உனக்கு?"

"உன்னிலை எனக்கு ஒருநாளும் கோவமில்லையடா. இமயம் எண்டு பேர் வைச்சாப் பிறகு மலையிலை இருக்கிறதுதானே மரியாதை," என்று சிரித்தார் றேமன்ட். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு கதிர்காமத்தம்பிக்கு அன்றைய சாப்பாடு இறங்கவில்லை.

மண்டபத்தில் மிஞ்சிய அன்னமலரின் தட்டுகளும் சட்டியும் அவர் வீட்டில் கிடந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவளும் றேமன்டும் ஒரே மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம் என்ற நப்பாசை.

கதவைத் திறந்த அன்னமலரின் கண் வீங்கியிருந்தது. உள்ளே ஆணியில் ஒரு புதுச் சேலை, இன்னும் பிரிக்காத உறையோடு தொங்கியது.

"வெங்காயமோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை, வெங்காயம்."

வெங்காயத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் அவர். ஆனாலும் அன்றைக்கு அவருக்குத் தன் கவலைதான் பெரிதாக இருந்தது. சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"றேமன்ட் டாவோசுக்குப் போறானாம் தங்கச்சி. ஒரு படத்தைப் பிழை எண்டு சொன்னது அவ்வளவு பெரிய குற்றமோ? நேரை போய் மன்னிப்புக் கேட்டன். சபை கூட்டிப் பொன்னாடை போர்த்தினன். இன்னும் நான் என்ன செய்ய? அண்டைக்கு அந்த வாயை மூடிக்கொண்டிருந்திருந்தா எனக்கு என்ர சிநேகிதன் மிஞ்சியிருப்பான்."

அன்னமலர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்கள் வாயைத் திறந்ததாலைதான் அண்ணை, அவர் பாதி ரோல்சை அப்பிடியே வைச்சிட்டுக் குசினிக்கை வந்து, 'அன்னமலர், நான் ரயில் ஏறட்டோ' எண்டு கேட்டவர்; நான் ஓம் எண்டு சொல்லி, கலியாணப் பதிவுக் கந்தோரிலை நாளும் குறிச்சாப் பிறகுதான் நீங்கள் வந்து பொன்னாடையைப் போர்த்தினீங்கள்."