முதலில் பெட்டி, பிறகுதான் கத்தரிக்கோல்

மாத்தளையில் நீள முடியோடு எவனாவது திரிந்தால் அவனை ஸ்டைல்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி அண்ணனின் பெட்டியைத் திறக்கத் துப்பில்லாதவன் என்று அர்த்தம்.

பெட்டி அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். நிஜப் பெயர் போர்டில் இருக்கிறது, யாரும் வாசித்ததில்லை. மாத்தளைக்கு வடக்கே நாலந்தா பக்கத்தில் ஒரு மர வேலைக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் செய்வித்த பெட்டிகள் அலமாரி நிறைய. ஒன்றிலும் பூட்டு கிடையாது. ஒரு பலகையைத் தள்ளினால்தான் இன்னொன்று நகரும், அது நகர்ந்தால்தான் அடியில் ஒன்று விலகும். முறை தப்பினால் ஒன்றும் அசையாது. சலூனுக்குள் நுழைந்தால் கையில் ஒரு பெட்டியைத் தருவார். முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்ற பேச்சே இல்லை. முதலில் திறப்பவருக்குத்தான் நாற்காலி.

முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிட்டயரான பிரின்சிபல் மூன்று நாள் வந்து தோற்றார். மூன்றாம் நாள், கலேவெலயிலிருந்து மிளகாய் கொண்டுவரும் வியாபாரி நானா ஒருவர் டீ குடித்து முடிப்பதற்குள் திறந்துவிட்டு நாற்காலியில் ஏறிக்கொண்டார்.

"இது அநியாயம்யா! நான் யாருன்னு தெரியுமா?" என்று பிரின்சிபல் குதித்தார்.

"எனக்குத் தெரியுங்க சேர். பெட்டிக்குத் தெரியலியே!"

அவசரம் என்று வந்த பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் பெட்டியை ஸ்டேஷனுக்கே கொண்டுபோனார். மறுநாள் திறக்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடைசி ஆளாக உட்கார்ந்தார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன். அப்போது எனக்கு முப்பத்துநாலு வயது. பெண் பார்த்த இரண்டு இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. மூன்றாவது இடம் கலேவெல. ஒன்பதரை பஸ்ஸை விட்டால் நல்ல நேரமும் போய்விடும். பௌர்ணமிப் போயா விடுமுறை நாள், மற்ற சலூனெல்லாம் மூடிக் கிடந்தன. முகத்திலோ இரண்டு வாரத் தாடி.

உள்ளே பிரின்சிபலோடு சேர்த்து ஆறு பேர், ஆளுக்கொரு பெட்டி.

"அண்ணே, பொண்ணு பாக்கப் போறேன். இன்னைக்கு மட்டும் விட்டுருங்கண்ணே!"

"மந்திரியே வந்தாலும் பெட்டிதான் தம்பி."

எங்களுக்கு முதுகைக் காட்டி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். துவாயால் தூசி தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். இங்கே எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. பெட்டி கைக்கு வந்ததும் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன்.

"ஐயையோ, இழுக்காதீங்க! பொண்ணு வீட்லயும் இப்படித்தான் கதவ இடிப்பீங்களா? மேல ஒரு வெரல வச்சு மெதுவாத் தள்ளுங்க."

மெதுவாகத் தள்ளினேன். நகர்ந்தது. பக்கப் பலகையைத் தள்ளினேன். திறந்தேவிட்டது! உள்ளே ஒரு அட்டைத் துண்டில் 'அடுத்தது நீங்கதான்' என்று எழுதியிருந்தது. பிரின்சிபல் வாயைப் பிளந்து என்னையே பார்த்தார். பளபளவென்று பஸ் ஏறினேன். பெண்ணுக்கு என்னைப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பெட்டி அண்ணன் அதே பெட்டியைத்தான் பரிசாகக் கொடுத்தார். "ரெண்டே தள்ளு, பாரு" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டு விரலை வைத்தேன். அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் முட்டி மோதினோம். கடைசியில் அவள்தான் திறந்தாள்.

"இதுக்கு பதினாலு தள்ளு இருக்குங்க. நீங்க எப்புடி ரெண்டுல திறந்தீங்க?"

அந்தத் தூசி தட்டல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த தடவை முடி வெட்டப் போய், ஒரு மணி நேரம் வேறொரு பெட்டியோடு மல்லுக்கட்டி நாற்காலியில் ஏறியதும் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு பன்னெண்டு தள்ளு நீங்களே தள்ளிட்டுத்தான குடுத்தீங்க?"

"தலைய ஆட்டாதீங்க தம்பி, காது போயிரும்."

கண்ணாடியில் பார்த்தேன். மனுஷன் தனக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியே எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காதை நினைத்து ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.