துவக்குக் கண்ணாடியும் கதவுத் தாழ்ப்பாளும்

டக். டக். டக் டக்.

இரவு ஒன்பது மணி. பல்கணிப் பக்கம் சத்தம். கைப்பிள்ளை ஸ்ரெல்லாவை அப்போதுதான் நித்திரையாக்கியிருந்தேன். ஒரு கையில் செபமாலை, மறு கையில் அகப்பை. கள்ளனுக்கு எது தோதோ அதைக் கொடுக்கலாம் என்று திரையை விலக்கினேன்.

கள்ளன் இல்லை. என் கணவர் விமலராஜ். பல்கணியில் குப்புறக் கிடந்தார். கண்ணில் ஒரு கறுப்புக் குழாய். அதன் தலையிலிருந்த சக்கரத்தை டக் டக்கென்று திருகிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ! என்ன செய்யிறியள்?"

"உஸ்! முன்வீட்டுக்காரி பஸ்தாவுக்கு உப்புப் போடுறா."

"அதைப் பாக்கவோ குப்புறப் படுத்தனீங்கள்?"

"துவக்குக் கண்ணாடியப்பா. ஸ்கோப். கடையிலை மூண்டு தந்திருக்கு, ஒண்டைத் தெரிவு செய்ய வேணும். இது விஞ்ஞானம். உமக்கு விளங்காது."

"அவவுக்கு விளங்கி, பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சால்? வாற மாதம் பொலிஸ் கந்தோர் குவெஸ்தூராவிலை எங்கடை வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிறது ஞாபகமோ?"

முழங்காலிலேயே உள்ளே வந்தார்.

விசயம் இதுதான். இவர் வேலைக்குப் போகும் வீட்டுப் பெரியவர் சின்யோர் கலோஜெரோவுக்கு எழுபத்துநாலு வயது. பழைய வேட்டைக்காரர். இப்போது காட்டுப் பண்டியும் பற்றையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அதனால் முதல் தடவையாகத் துவக்குக்குக் கண்ணாடி பூட்டப் போகிறார். "உன்ரை கண் இளங்கண் விமல், நீயே தெரிவு செய். சரிவந்தால் இந்த வேட்டைக் காலம் முழுக்க நீயும் என்னோடை" என்றாராம். சனி பின்னேரம் போய், மலைவீட்டில் தங்கி, ஞாயிறு விடிய வேட்டை.

"சனி இரவு நானும் பிள்ளையும்?"

"கதவைப் பூட்டிப்போட்டுப் படும்."

கதவு! எங்கள் கதவின் பிணைச்சலில் ஒரு திருகாணி விழுந்து ஒன்றரை மாதம். கதவு சாய்ந்துவிட்டது. ஒருவர் பிடியைப் பிடித்துத் தூக்க, மற்றவர் தாழ்ப்பாளைத் தள்ள வேண்டும். தனி ஆளால் முடியாது. பூட்டு இருக்கிறதுதான். முன்பு குடியிருந்தவர்களிடமும் அதன் திறப்பு இருக்குமே! கீழ்வாசலோ எங்கள் சீசாப் பகுதி முழுவதற்கும் பொதுவாசல். அது மூடியதை நான் கண்டதில்லை. "நாளைக்குத் திருத்துறன்" என்று இவர் சொல்லாத நாளுமில்லை.

நான் பயந்தவள்தான். கொன்வென்ற் விடுதியில் கரப்பான்பூச்சிக்குப் பயந்து சிஸ்ரரின் கட்டிலுக்குக் கீழே படுத்தவள். ஆனால் அழுது காரியமில்லை. நான் அழுதால் இவருக்கு ஆம்பிளைத்தனம் கூடும்.

ஆகவே வாசித்தேன். இத்தாலியனில் எழுதிய எதையும் இவர் தொடமாட்டார். குவெஸ்தூராக் கடிதமென்றாலும் நான்தான். மூன்று பெட்டியிலும் இருந்த தாள்களைப் பொடி எழுத்துவரை படித்தேன். பற்றைக்குள் கிட்டத்தில் ஓடும் பண்டிக்குச் சின்னக் கண்ணாடிதான் சரி. பெரியது தூரத்து மலைச்சரிவுக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கிழக்கென்றால் இவர் மேற்கு. எனக்குப் பிள்ளைக்கு ஸ்ரெல்லா என்ற பெயரில் ஆசை. "ஸ்ரெல்லா மட்டும் வேண்டாம்" என்றேன். அடுத்த நாளே பதிந்துவிட்டு வந்தார்.

"இந்தக் குட்டிதானப்பா வடிவு," என்றேன் சாப்பாட்டுக்கிடையில். "பெரிசு வேண்டாம். பாரம்."

"பொம்பிளையளின்ரை கதை! பெரிசு இருபத்தைஞ்சு மடங்கு காட்டும். பண்டியின்ரை பல்லு ஊத்தையும் தெரியும்."

"எண்டாலும் சின்னது…"

"பெரிசுதான்! முடிஞ்சுது கதை!"

"உங்கடை விருப்பம்" என்று பெருமூச்சு விட்டேன். பெருமூச்சு முக்கியம். இல்லாவிட்டால் சந்தேகம் வரும். அன்றே மற்ற இரண்டையும் கடையில் கொடுத்துவிட்டார்.

சனி இரண்டு மணிக்குப் புட்டுப் பார்சலும் கம்பளிக் காலுறையுமாய்ப் புறப்பட்டார். மூன்று மணி. ஆளில்லை. நாலு. ஆளில்லை. என் கெட்டித்தனம் கோட்டை விட்டது. இனி நானே கதவைத் திருத்துவது என்று சப்பாத்துத் தட்டை இழுத்து, முழங்காலில் நின்று தேடினேன். சுவரோரத் தூசிக்குள் கிடந்தது திருகாணி! திருப்புளியை எடுக்கவும் படிக்கட்டில் இவருடைய காலடி கேட்கவும் சரியாக இருந்தது. கையிலிருந்த திருகாணியைச் செபமாலைப் பெட்டிக்குள் போட்டேன்.

புட்டுப் பார்சல் பிரிக்கப்படவில்லை.

"என்னப்பா, பண்டி லீவோ?"

"பகிடி விடாதையும். வெளிக்கிட முதல் சின்யோர் வீட்டு மொட்டைமாடியிலை பாத்தம். அவற்றை மனிசி சின்யோராவின்ரை நாய்தான் பண்டி. பத்தடியிலை நிண்டுது. சின்யோர் பாத்திட்டு, 'விமல், ஒரே கறுப்பு' எண்டார். நானும் பாத்தன். முன்பக்கமோ பின்பக்கமோ தெரியேல்லை."

"சக்கரத்தைத் திருகிக் குறைக்கேல்லையோ?"

"குறைச்சன். ஒரு காது வந்துது."

"பிறகு?"

"மனிசன் கோபத்திலை துறைமுகப் பக்கம் திருப்பினார். நேப்பிள்ஸ் கப்பல். ஆறு வருசத்துக்குப் பிறகு கப்பலின்ரை பேரை வாசிச்சாராம். மேல்தட்டிலை ஒருத்தன் சப்பாத்தைக் கழட்டிக் கால் சொறியிறதைக் கண்டு கைதட்டிச் சிரிக்கிறார். நாப்பது வருசம் துறைமுகத்திலை வேலை செய்தவரெல்லோ. 'மலையும் வேண்டாம், பண்டியும் வேண்டாம். கதிரையைக் கொண்டா' எண்டிட்டார்."

"சின்னக் கண்ணாடிக்கு மாத்துவம் எண்டு சொல்லேல்லையோ?"

"சொன்னன். கேட்டாத்தானே! நாளைக்கு ஜெனோவாக் கப்பலாம்."

"ஐயோ பாவம்" என்றேன். பொய் சொன்னால் சிஸ்ரர் முழங்காலில் விடுவா. இது பொய்யில்லை. பாவம்தான்.

இரவு பிள்ளை நித்திரையான பிறகு கதவடிக்குப் போனோம்.

"இதை நாளைக்குத் திருத்தத்தான் வேணும்," என்றார். "அந்தத் திருகாணி எங்கை துலைஞ்சுதோ! இஞ்சை கிடந்தால் என்ரை கண்ணுக்குத் தப்புமோ?"

"உங்கடை கண்ணுக்கோ? ஒருநாளும் தப்பாதப்பா."

வேட்டைக் காலம் தை மாதத்தோடு முடிகிறது. அதன் பிறகு திருகாணியைக் கண்டெடுத்துக் கொடுப்பேன்.

"தூக்குங்கோ," என்றேன்.

தூக்கினார். தள்ளினேன்.

டக்.