பெட்டி இருபத்து நாலு, படுக்கை ஆறு

கார்த்தேஜ், மிசூரி
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் வெண்டல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் ரோஸ்கோ எழுதிக்கொள்வது. நடீனும் நானும் சுகம். போன வாரம் உங்கள் பக்கம் பெய்த ஆலங்கட்டி மழையில் கார்க் கண்ணாடி தப்பித்ததா, முழங்கால் படியேறச் சம்மதிக்கிறதா என்று அறிய ஆவல்.

நிற்க. நாங்கள் இருவரும் சர்ச் கார் நிறுத்துமிடத்தில் போலீஸில் மாட்டிக்கொண்டதாக நடீன் உங்களுக்குப் போனில் சொல்லியிருப்பாள். அது பாதி உண்மை. முழுசையும் நான் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் சொன்னால் அதில் நான் நல்லவனாக வர மாட்டேன்.

பத்தொன்பது வருஷம் அவசரச் சரக்கு வண்டியைத் தனியாளாக ஓட்டியவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு கார் தொழிற்சாலையில் ஒரு உதிரிபாகம் தீர்ந்து வேலை நின்றால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டிய நடீன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள், இனி வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க முடியாது, நானும் உங்களோடு வண்டி ஓட்டுகிறேன் என்றாள், எனக்குத் தலைகால் புரியவில்லை மச்சான், சொந்த வண்டியே வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம். அங்கேதான் வினை. மூக்கிலிருந்து வால்வரை சட்டப்படி வண்டி நாற்பது அடியைத் தாண்டக் கூடாதாம். என்ஜினுக்கும் ஓட்டுகிற இடத்துக்கும் பத்து போனால் மிச்சம் முப்பது. அதில்தான் பின்னால் சரக்குப் பெட்டியும், நடுவில் நாங்கள் தூங்குகிற அறையும். அறைக்கு ஓர் அடி கொடுத்தால் பெட்டியில் ஓர் அடி போச்சு.

நான் பத்தடி அறை கேட்டேன். அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, இரண்டு பேர் படுக்கிற கட்டில். நடீன் ஆறடி போதும் என்றாள். பெட்டி இருபத்து நாலு அடி இருந்தால் பதினாலு பேலட் பலகை நிறையச் சரக்கு ஏறும், இருபதாக்கினால் பன்னிரண்டுதான், அந்த இரண்டுக்காக நல்ல நல்ல சவாரியெல்லாம் கைநழுவிப் போகும், நான் ஊர் சுற்றிப்பார்க்க வரவில்லை, வேலைக்கு வருகிறேன் என்றாள். மூன்று வாரம் இதே பேச்சு. கடைசியில் அவளே சாக்பீஸ் எடுத்துவந்து சர்ச் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு அறைகளையும் நிஜ அளவில் தரையில் வரைந்தாள். படுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பத்தடி அறையின் கட்டிலில் இருவரும் படுத்தோம். வெயில் கண்ணில் அடித்ததால் நான் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள், சாக்பீஸ் கோட்டுக்குள் இரண்டு பிணம் கிடக்கிறது என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டாள்.

வந்த போலீஸ்காரர் ட்ராவிஸ் ஹோல்கம், ஒரு காலத்தில் நடீன் பஸ்ஸில் பள்ளிக்குப் போனவர். இப்போது தலை வழுக்கை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “நடீனம்மா, உயிரோடதானே இருக்கீங்க?” என்று கேட்டார். நடீன் படுத்தபடியே வழக்கு முழுவதையும் அவரிடம் ஒப்பித்தாள். அவரும் விபத்து நடந்த இடத்தை அளக்கிற டேப்பை எடுத்துவந்து, கட்டில் நாலு அங்குலம் தப்பு என்று திருத்தினார். பிறகு என்னிடம், ஒருவர் ஓட்டும்போது ஒருவர் தூங்குவதுதானே இந்தத் தொழில், இரண்டு பேர் படுக்கிற கட்டில் எதற்கு என்றார்.

மச்சான், இப்படி ஒரு கேள்வி வரும் என்று மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நடீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

“பத்தொன்பது வருஷம் பார்க்கிங் பார்க்கிங்கா தனியாவே தூங்கியாச்சு நடீன். நீ வந்தா அது முடிஞ்சுரும்னு நெனச்சேன். எடம் நெருக்கடியா இருந்தா ஒரே மாசத்துல வீட்டுக்குத் திரும்பிருவியோன்னு பயம்.”

ட்ராவிஸ் டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமானார். நடீன் எழுந்து உட்கார்ந்து என் சட்டையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.

“நீங்க தூங்குறப்ப வண்டிய ஓட்டுறது நான்தானே. அதுவும் கூட இருக்கிறதுதாங்க” என்றாள்.

அதற்குமேல் என்ன வாதாட? பெட்டி இருபத்து நாலு, படுக்கை ஆறு என்று நேற்று கையெழுத்துப் போட்டாயிற்று. எனக்குப் பூரண சம்மதம். ஒரு துளி வருத்தமில்லை. தயவுசெய்து இதைப் பற்றி நடீனிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ரோஸ்கோ டில்லார்ட்

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை நடீனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். காரை எடுத்துக்கொண்டு போனவள் இப்போதுதான் திரும்பினாள். ஒப்பந்தத்தை மாற்றி எழுதியாயிற்றாம். பெட்டி இருபது, அறை பத்து, இரண்டு பேர் கட்டில். பதினாலு பேலட் சவாரியெல்லாம் போய்விடுமே என்று நான் பதறினேன். “வாரத்துல ஒரு நாளாவது சரக்கு கெடைக்காம எங்கயாவது நிக்கத்தானே போறோம்? அன்னிக்குப் படுக்க எடம் வேணாமா?” என்றாள். சரக்கு கிடைக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற முதல் ஓட்டுநர் நானாகத்தான் இருப்பேன், மச்சான்.