மூன்று கும்பிடும் ஒரு வாசல் தூணும்

"நான் ஒண்ணும் சொல்லல. வர்ற சம்பந்திங்க சொல்லுவாங்க" என்றாள் ஃபுமியே, ஜன்னல் வழியாகப் பார்த்தபடி.

அவள் கணவர் மினோருவும் எட்டிப் பார்த்தார். வீட்டுப் பெயர் பொறித்த வாசல் கல்தூண் பனியில் குப்புறக் கிடந்தது. பக்கத்திலேயே பெரிய சக்கரத்தின் தடம். வட ஜப்பானின் இவாமிசாவாவில் பனி அள்ளும் இயந்திரம் ஊர் எழுவதற்கு முன்பே வந்து போய்விடும். தெருக்காரர்கள் சேர்ந்து அமர்த்திய ஒப்பந்தக்காரர் குமகாயின் இயந்திரம்தான் இடித்திருக்கிறது.

மார்ச் கடைசியில் மகள் சயோரியின் வருங்கால மாமனார் மாமியார் டோக்கியோவிலிருந்து முதன்முதலாக வருகிறார்கள். பெண்வீட்டுப் பெயர் இப்படித் தரையில் கிடந்தால் என்ன நினைப்பார்கள்?

"நஷ்டஈடு கேளுங்க. வழக்கம்போல 'பரவாயில்லை'ன்னு சொல்லிட்டு வந்து நிக்காதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

போய்க் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. அன்று சாயங்காலம் குமகாயே இனிப்புப் பெட்டியோடு வந்து, வாசற்படியில் இடுப்பு ஒடிய வணங்கினார்.

"ஐயா, தூண் விஷயமா வந்தேன். எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

ஒரு மனுஷன் இப்படிக் கூனிக் குறுகினால் மினோருவுக்குத் தாங்காது. "பரவாயில்லைங்க. குளிர்காலம்னா இதெல்லாம் இருக்கறதுதானே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. குமகாய் ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

"நல்ல கடை இனிப்பு" என்றாள் ஃபுமியே. "பதில் மரியாதை செஞ்சாகணும்."

அதைச் செய்யாமல் அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இடித்தவருக்கு நாமே அன்பளிப்பா என்று முனகிக்கொண்டே, மினோரு ஒரு பொட்டலம் காய்ந்த கணவாய் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கணவாயில் நெகிழ்ந்துபோன குமகாய், ஒப்பந்தத்தில் இல்லாத வீட்டு முற்றத்தையும் சுத்தம் செய்து தரத் தன் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் முற்றம் சுத்தமாக இருந்தது. மரவேலியும் போயிருந்தது.

"உங்க மரியாதையில வீடும் போறதுக்குள்ள கேட்டுடுங்க" என்றாள் ஃபுமியே.

இரண்டாம் முறை குமகாய் ஆப்பிள் பெட்டியோடு வந்தார். வாசலைப் பார்த்துக்கொண்டே, "இங்க செவப்புத் துணி கட்டின மூங்கில் ஏதாச்சும் நட்டு வெச்சிருந்தீங்களாய்யா?" என்றார் மெதுவாக.

இயந்திரம் மோதிவிடாமல் இருக்க, பனி மூடுவதற்கு முன் கல்லும் செடியும் இருக்கும் இடத்தில் அடையாள மூங்கில் நடுவது வீட்டுக்காரர் வேலை. மினோரு அதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மறந்தே போனவர். பாவம், குமகாய் தன் தப்புக்குச் சாக்குத் தேடுகிறார் என்று இரங்கி, பேச்சை ஆப்பிளுக்குத் திருப்பினார். பதிலுக்கு சால்மன் மீன் முட்டை ஒரு ஜாடி போயிற்று. அது ஆப்பிளைவிட விலை அதிகம்.

மூன்றாம் முறை சாக்கே மது பாட்டிலோடு வந்தபோது மார்ச் பிறந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஃபுமியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தூணைப் பத்தி..." என்றார் மினோரு.

"அந்தத் தூணைப் பத்தித்தான்..." என்றார் குமகாய், அதே நேரத்தில்.

"நீங்க சொல்லுங்க."

"நீங்க பெரியவர். நீங்க முதல்ல."

"வீடு தேடி வந்தவர் நீங்கதானே."

மாறி மாறி வணங்கியதில் தேநீர் ஆறிப்போனது. குமகாய் எழுந்து போயே போய்விட்டார். பெற்ற மகளுக்காக ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லையே என்று மினோருவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. தயாராக வைத்திருந்த கடற்பாசி டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

குமகாய் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வண்டியில் ஓட்டுநர் தானிமோட்டோ மட்டும் இருந்தார். ஒசாகாக்காரர், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"இதை உங்க முதலாளிகிட்ட குடுத்துடுங்க" என்றார் மினோரு.

தானிமோட்டோ டப்பாவைத் தொடவில்லை.

"வேணாங்க. உங்க தூண்ல மோதி ஒடைஞ்ச எங்க மிஷினுக்கு நஷ்டஈடு கேக்கத்தான் மனுஷன் மூணு தடவையா வர்றாரு. நீங்க இப்படிக் கையில எதையாச்சும் திணிச்சிட்டே இருந்தா அவரு எப்பத்தான் வாயத் தெறக்கறது?"