கிடைத்துவிட்ட கால்

கீர்த்திபுரி என்ற நாட்டில் மூட்டைகள் வந்து சேர்ந்தனவோ இல்லையோ, அவை வந்துகொண்டிருக்கும் சேதி மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்து சேர்ந்தது. குடிகள் வெளியூரிலிருந்து எதை வரவழைத்தாலும் அரசின் வருகைத்துறை வழியாகத்தான் வரவழைக்க வேண்டும். யாருடைய மூட்டை எந்த ஊரைத் தாண்டியது, எந்தக் கிடங்கில் இளைப்பாறுகிறது என்பதைக் காலைதோறும் தெருமுனையில் முரசறைந்து சொல்ல ஊருக்கு ஒரு கொட்டுக்காரர் இருந்தார். வண்டிகளைவிட முரசுகள் அதிகம் உள்ள ஒரே நாடு தம்முடையது என்று மன்னர் பெருமிதத்தோடு சொல்வதுண்டு.

அந்த நாட்டில், நெடுவாற்றங்கரையில், பொன்னுரங்கம் என்று ஓர் ஓடக்காரர் இருந்தார். நின்றபடி கழி ஊன்றி ஓடம் தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாசி மாதத்தில் ஒரு முதலை அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. முதலைக்கு முன்கூட்டி முரசறையும் வழக்கம் இல்லாததால் காரியம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. பொன்னுரங்கம் அதற்கெல்லாம் இடிந்துபோகிற ஆள் இல்லை. புண் ஆறியதும் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு தச்சருக்கு அளவு அனுப்பி, தேக்கில் ஒரு கால் செய்யச் சொன்னார். கால் வந்தால்தான் ஓடம் ஓடும். தொண்ணூறு நாள் ஓடம் ஓடாத துறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. வருகைத்துறை அமைச்சரின் மச்சினர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து துறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

கால் கப்பலேறிவிட்டதாக முரசு சொன்ன அன்று பொன்னுரங்கத்தின் மனைவி அஞ்சலை தெருவுக்கே பானகம் கரைத்துக் கொடுத்தாள். கால் துறைமுகத்துக்கு வந்தது. கிடங்குக்கு வந்தது. மறுநாள் என்ன நினைத்ததோ, திரும்பவும் கடலுக்கே போனது. பிறகு ஒரு வழியாக வாசலுக்கு ஒரு கல் தொலைவில் வந்து, ஒன்பது நாள் அங்கேயே நின்றது. பத்தாம் நாள் கொட்டுக்காரர் சின்னாண்டி ஓலையைப் பிரித்தார்.

“பொன்னுரங்கத்தின் மூட்டை வாசல்வரை கொண்டுவரப்பட்டது! ஆள் வீட்டில் இல்லாததால் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது!”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“யோவ் சின்னாண்டி, நான் எங்கய்யா போவேன்? போறதுக்குத்தானே அந்தக் கால வரச் சொன்னேன்?”

“எனக்கென்னண்ணே தெரியும்? ஓலையில இருக்கறதப் படிக்கிறேன். நேத்து நீங்க வெளியூர் போயிருந்தீங்களாம்.”

“ஒத்தக் கால்லயா?”

“அது ஓலையில இல்லண்ணே.”

இப்படி நாடெங்கும் புகார்கள் குவிந்தன. வருகைத்துறை அமைச்சர் வித்தியாதரர் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்து, குறை வண்டிகளில் இல்லை, குடிகள் வீடு தங்காமல் திரிவதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். மூட்டையை எதிர்பார்க்கும் எவரும் பொழுது விடிந்தது முதல் அடையும் வரை வாசலைத் தாண்டக் கூடாது என்று ஆணை பிறந்தது. வயலில் களை நெஞ்சளவு வளர்ந்தது. ஊர் மருத்துவச்சி ஒரு கத்தரிக்கோலை எதிர்பார்த்து வீட்டிலேயே அடைந்து கிடக்க, மூன்று பிள்ளைகள் அவள் இல்லாமலே பிறந்தன. அதற்கும் புகார் போயிற்று.

அமைச்சர் மனம் இளகினார். அடுத்த ஆணையில், நாட்டிலுள்ள எல்லா மூட்டைகளும் ஒரே பகலில் கிடைத்துவிட்டதாக அறிவித்து, மக்களை வீட்டுக்காவலிலிருந்து விடுவித்தார். முரசு சொன்னதை இல்லையென்று சொல்பவர் முரசை அவமதித்தவர் ஆவார். அவர் யாராக இருந்தாலும் ஆறு மாதம் சிறை. அன்று மாலையே இரண்டு சேவகர்கள் பொன்னுரங்கத்தின் வீட்டுக்கு வந்து, அரசு வைத்தியசாலை இரவலாகக் கொடுத்திருந்த ஊன்றுகோலைத் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு கால் உள்ளவருக்கு ஊன்றுகோல் எதற்கு என்ற அவர்களுடைய கேள்விக்குச் சட்டப்படி பதில் இல்லை. அதன் பிறகு அவர் கொல்லைப்புறம் போவதற்கும் அஞ்சலையின் தோள் வேண்டியிருந்தது. அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஓடம் நின்றுபோன எண்பத்தொன்பதாம் நாள் புதிய ஓலை வந்தது. வருகைத்துறையின் ஒரு லட்சமாவது மூட்டை பொன்னுரங்கத்தின் கால்தானாம். அதைச் சிறப்பிக்க அமைச்சர் நாளை நேரில் வந்து அவருடைய ஓடத்திலேயே ஆற்றைக் கடப்பாராம்.

“நாளைக்கு ஓடம் நகரலேன்னா துறை போச்சு,” என்றாள் அஞ்சலை. “எப்பிடிங்க நகரும்? கால் வரலேன்னு சொன்னா உங்களப் புடிச்சு உள்ள வச்சுருவானுங்க.”

பொன்னுரங்கம் முளையில் கட்டிக் கிடந்த ஓடத்தைப் பார்த்தார். பிறகு பல நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

“நீ சின்னாண்டிய முரசோட ஓடத்துல ஏத்திவிடு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் காலையில் ஊரே துறையில் கூடியிருந்தது. அமைச்சர் தேரிலிருந்து இறங்கி, ஓடத்தில் விரித்திருந்த கம்பளத்தில் அமர்ந்தார். அவர் வாயிலிருந்து விழுவதை ஒன்று விடாமல் எழுதி மன்னருக்கு அனுப்பும் மூன்று எழுத்தர்கள் கரையில் எழுத்தாணியோடு நின்றார்கள். பொன்னுரங்கம் ஓடத்தின் முனையில் கழியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடம் முளையில் கட்டியபடியே இருந்தது.

“புறப்படலாமே, ஓடக்காரரே,” என்றார் அமைச்சர்.

“ஆகட்டும் சாமி. சின்னாண்டி, கொட்டுய்யா!” ஓடத்தில் நின்ற சின்னாண்டியின் முரசு முழங்கியதும் பொன்னுரங்கமே கூவினார். “ஓடம் கரைய விட்டுப் பொறப்பட்டாச்சு!”

அமைச்சர் தண்ணீரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். “அசைவே...” என்று ஆரம்பித்தவர், மூன்று எழுத்தாணிகளும் ஒன்றாக நிமிர்வதைக் கண்டார். “அசைவே தெரியாத அருமையான பயணம்,” என்று முடித்தார்.

“நட்டாறு தாண்டியாச்சு!” முரசு முழங்கியது. “அக்கர சேந்தாச்சு! எறங்கலாம் சாமி.”

அமைச்சர் ஏறிய கரையிலேயே இறங்கினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நாலாபுறமும் பார்த்து, “அக்கரை வெகுவாக முன்னேறியிருக்கிறது,” என்றார். எழுத்தர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் பத்தடி தள்ளி நின்ற தம் தேரை நோக்கி நடந்தார். பொன்னுரங்கம் கழியை நீட்டி மறித்தார்.

“எங்க சாமி போறீங்க?”

“என் தேருக்கு.”

“தேரு இக்கரையில நிக்குதே? நீங்க அக்கரையிலல்ல இருக்கீங்க? ஓடத்துல வந்துதான் சாமி ஏறணும்.”

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். “சரி, திரும்பியதாகவும் அறிவித்துவிடு.”

“அறிவிக்கலாம் சாமி. ஆனா எனக்குக் கெடச்ச கால் ரொம்ப லேசா இருக்கு. ஒரு தடவைக்கு மேல தாங்கமாட்டேங்குது.”

பத்தடிதான். நடந்தால் போயிற்று. ஆனால் நடந்தால் ஓடம் நகரவில்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். முரசை அவமதித்ததாக ஆகும். அந்தச் சட்டத்தில் இருந்தது அவருடைய முத்திரைதான். வெயில் ஏறியது. தண்ணீர்க் கூஜாவும் குடையும் தேரில் இருந்தன. குடை பிடிக்கும் சேவகர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நடுவில் தவித்தார். உச்சிப்பொழுதில் அமைச்சர் நாக்கு வறண்டு ஒரு குதிரைவீரனை அழைத்தார்.

“இவருக்குக் கிடைத்துவிட்ட காலை இன்னொரு முறையும் கிடைக்கச் செய்க.”

குதிரை போன சுவடு மறைவதற்குள் திரும்பி வந்தது. கால் பக்கத்து ஊர்க் கிடங்கில், ஒரு கல் தொலைவில்தான் கிடந்திருக்கிறது. அது வந்ததை யாரும் முரசறைந்து சொல்லவில்லை. அஞ்சலை மண்டியிட்டு வார்களை இறுக்கிக் கட்டினாள். பொன்னுரங்கம் கழியைப் பிடித்து எழுந்து நின்றார். நின்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“இனி அறிவிக்கலாம் அல்லவா?” என்றார் அமைச்சர், கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில்.

பொன்னுரங்கம் கரைப்பக்கம் திரும்பினார்.

“இங்க வேற யாருக்காச்சும் எதாச்சும் வரவேண்டியிருக்கா?”

முதலில் மருத்துவச்சி கையை உயர்த்தினாள். பிறகு ஒவ்வொன்றாக, பிறகு கரை முழுவதும் கைகள் உயர்ந்தன. சின்னாண்டியும் முரசுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.