தொண்ணூற்று மூன்று சதவீதம்

"சார், நான் லிப்டுக்குப் போகலாமா? கீழ ஆளுங்க காத்துட்டிருப்பாங்க."

"இனிமே நீங்க லிப்டுப் பக்கமே போக வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர்.

வாசல் பக்கம் திரும்பியிருந்த லிப்ட்காரர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் ஆட்களை ஏற்றி இறக்கியவர் அவர். மூளையைப் படம் பிடித்தே மனச்சிதைவைக் கண்டுபிடிக்கிற மிஷினைப் பார்க்க இன்று மூன்று பேர் கொண்ட குழு வந்திருந்தது. அவர்களுக்குக் காட்ட நல்ல மூளை ஒன்று தேவைப்பட்டது. "அஞ்சு நிமிஷம் படுத்துட்டுப் போயிடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்ததே இந்த டாக்டர்தான். படுத்தார், எழுந்தார். திரையில் வந்துவிட்டது: மனச்சிதைவு, தொண்ணூற்று மூன்று சதவீதம்.

குழுவினர் மூவரும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்!"

டாக்டர் குழுவின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? தனக்கு நோய் இருக்கறதே தெரியலை. இது முக்கியமான அறிகுறி."

"சரி சார், இருக்குன்னே வெச்சுக்குங்க."

"இப்ப அவரே ஒத்துக்கிட்டார்" என்று அதையும் எழுதிக்கொண்டார். முப்பது வருடம் படித்த படிப்பில், எதிரே நிற்கிற மனிதனின் முகத்தைப் பார்ப்பது பற்றி ஒரு பக்கம்கூட இருக்கவில்லை போலும். பார்வை திரையை விட்டு நகரவில்லை.

"காதுல ஏதாவது குரல் கேட்டுச்சா?"

லிப்ட்காரருக்குப் பொய் வராது. "கேட்டுச்சு சார். மிஷினுக்குள்ள படுத்திருந்தப்ப ஒரு பொம்பளைக் குரல். ஆடாதீங்க, அசையாதீங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த படமெடுக்கும் பெண் வாயைத் திறந்தாள். டாக்டர் கையை உயர்த்தினார். மூடிக்கொண்டாள்.

"யாரோ உங்களையே கவனிக்கிற மாதிரி தோணுதா?"

"தோணறதென்ன சார், இவங்க மூணு பேரும் வெச்ச கண் வாங்காம பாத்துட்டுத்தானே நிக்கறாங்க!"

டாக்டர் பேனா ஓடியது.

லிப்ட்காரருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. "என் வீட்டுக்காரியைக் கேளுங்க சார். இங்கதான் கீழ துணி துவைக்கிறா."

முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்து நின்றாள் அவள்.

"வீட்ல இவர் எப்படிம்மா?"

"தங்கம் சார். தூக்கத்துல மட்டும் 'நாலாவது மாடி, வழி விடுங்க'ன்னு கத்துவார்."

"உங்க வீட்ல எத்தனை மாடி?"

"மாடியே கிடையாது சார்."

"காப்பாத்தக் கூப்பிட்டா கவுத்துட்டியேடி!" என்றார் லிப்ட்காரர்.

அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கையை உதறினாள். நுரை டாக்டரின் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. "ஏன் சார், இத்தனை வருஷமா உங்களையும் இவர்தானே ஏத்தி எறக்கினார்? ஒருநாளாவது மாடி மாத்தி விட்டிருக்காரா? பேசிப் பாத்தாலே தெரியறதுக்கு இவ்வளவு பெரிய குழாய் மிஷின் எதுக்கு?"

'குடும்பத்தினர் நோயை மறைக்கின்றனர்' என்று எழுதிவிட்டு, டாக்டர் அடுத்த தாளில் வேலைநீக்கக் கடிதமும் எழுதி நீட்டினார். "ஜனங்க உயிரும்மா. இவரை நம்பி லிப்டைக் கொடுக்க முடியாது."

லிப்ட்காரர் சட்டையில் குத்தியிருந்த ஆஸ்பத்திரி அட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். ஊக்கு வரவில்லை.

"அபாரம்!" என்றார் குழுத் தலைவர். "இந்த மிஷின் இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கண்டுபிடிச்சிருக்கு?"

"வந்த அத்தனை பேருக்கும்!" டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தர்கூடத் தப்பினதில்லை."

தலைவர் கண்ணாடித் தடுப்புப் பக்கம் குனிந்தார். "ஏம்மா, மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாத்தா இவருக்கு ரொம்ப முத்திடுச்சோ?"

கேட்டது தலைவர். இந்த முறை டாக்டரால் கையை உயர்த்த முடியவில்லை.

"இல்லீங்க சார், இருக்கறதுலயே இவருக்குத்தான் கம்மி" என்றாள் படமெடுக்கும் பெண். "காலைல மிஷினைச் சரிபாக்க வெச்ச தண்ணி ஜாடிக்கே தொண்ணூத்தியேழு வந்துச்சு."